நாக்கு கற்றுக்கொண்ட பாட்டு

பீர்க்கன்கரணையில் மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். நேற்று இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, பாப் டிலன் 1963-இல் வெளியிட்ட ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டைக் கைபேசியில் போட்டேன். அதில் அடுக்கடுக்காக ‘ஹவ் மெனி’ கேள்விகள். பின்னால் பன்மைச் சொல்தான் வருகிறது என்று ஒரு பெண்ணே கண்டுபிடித்துச் சொன்னாள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது உச்சரிப்பு. எழுத்துக்கு எழுத்து உச்சரித்தே பழகியவர்கள் நாம். ஆங்கிலமோ அழுத்தம் விழாத அசையை விழுங்கிவிடும். ‘கம்ஃபர்டபிள்’ ‘கம்ஃப்டபிள்’ ஆகிவிடும். இதைப் பலகையில் எத்தனை நாள் எழுதிக்காட்டினேன்! கூடப் பாடியபோது, மெட்டுக்குள் நிற்பதற்காக நாக்கு தானாகவே விழுங்கக் கற்றுக்கொண்டது. வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், ஜி.எஸ்.டி. சாலை பஸ் நிறுத்தம் வரை பாடிக்கொண்டே போனான்.