கையை உயர்த்திய வரிசை

ஜோகன்னஸ்பர்க் அபார்தைட் மியூசியத்தில் டிக்கெட் வாங்கினால், கூடவே உங்களுக்கு ஒரு நிறத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வந்த சீட்டில் 'வெள்ளையர்'. உடன் வந்த கோயம்புத்தூர் நண்பர் என்னைவிட நல்ல வெளுப்பு. அவருக்கு 'வெள்ளையர் அல்லாதோர்'. ஆளைப் பார்த்தெல்லாம் தருவதில்லை, கைக்கு வந்ததைத் தருகிறார்கள். அவருக்கு ஒரு வாசல், எனக்கு ஒரு வாசல், நடுவே கம்பி. "போய்ட்டு வாங்க தொரை" என்று அந்தப் பக்கமிருந்து கும்பிட்டார். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் அவர் கிண்டல் அடங்கிவிட்டது.

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். மெஷின் ஒன்றைப் பொருத்திக் கொடுக்க கம்பெனி அனுப்பிய பயணம் இது. ஆப்பிரிக்கா என்றால் அதுவரை என் மனசில் இருந்தவை இரண்டே படங்கள்: சிங்கம், விலா எலும்பு தெரியும் குழந்தை. இரண்டும் வெளியாள் போய் எடுத்து வந்தவை. அங்கேயே பிறந்து, அபார்தைட் என்ற நிறவெறிச் சட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர் எடுத்த படங்களை இந்த மியூசியத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் பெயர் எர்னஸ்ட் கோல்.

1940-ல் பிரிட்டோரியா பக்கம் பிறந்த கறுப்பர். அந்நாளில் கறுப்பர்கள் எந்நேரமும் 'பாஸ்' புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிலங்கு. கேமராவோடு ஊர் சுற்ற அது தோதுப்படாது. கோலே என்ற குடும்பப் பெயரைக் கோல் என்று மாற்றி, பாஸ் தேவைப்படாத கலப்பினத்தவர் என்று அரசாங்கத்தையே நம்பவைத்துப் பதிவு செய்துகொண்டார். படம் எடுப்பதற்காகச் சாதியையே மாற்றிக்கொண்ட மாதிரி!

ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது. தங்கச் சுரங்கத்து வேலைக்கு வந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. ஒரு டஜன் ஆண்கள் பொட்டுத் துணியில்லாமல் சுவரைப் பார்த்து வரிசையாக, கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். நமக்குத் தெரிவது முதுகுகள்தான். கோல் கேமராவைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து உள்ளே கொண்டுபோனார் என்பார்கள்.

ஹெப்பாளில் ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது நானும் தினமும் இரண்டு கையையும் தூக்குகிறேன். செக்யூரிட்டிக்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டே "ஊட்டா ஆய்தா சார்?" என்று கன்னடத்தில் சாப்பாடு ஆச்சா என்பார். "ஆய்து" என்பேன். இரண்டும் ஒன்று என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் அந்த முதுகுகளைப் பார்த்தபோது என் தோள்பட்டைக்கு அந்த நிற்கும் விதம் தெரிந்திருந்தது.

மியூசியத்தில் பக்கத்துப் படத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன். நெருக்கியடித்த வகுப்பறையில் தரையில் குந்தியிருக்கிறான். கன்னத்தில் வியர்வை வழிகிறது. துடைக்க அவனுக்கு நேரமில்லை, பாடம் ஓடிவிடும். விலா எலும்புப் படம் பார்த்தால் பரிதாபம் வரும். இவனைப் பார்த்தால் அடுத்த பரீட்சையில் தேறினானா என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுநாள் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோ. 1976 ஜூன் 16 அன்று மாணவர் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டது. குண்டடிபட்ட ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓட, கூடவே அக்கா கதறிக்கொண்டு ஓடும் படம். அதை எடுத்த புகைப்படக்காரர் சாம் நசீமா ஃபிலிம் ரோலைக் காலுறைக்குள் செருகித் தப்பவைத்தார். தூக்கிக்கொண்டு ஓடிய பையன் நாட்டைவிட்டுப் போனவன்தான், திரும்பவே இல்லை.

கோலும் திரும்பவில்லை. 1966-ல் வெளியேறினார். மறுவருடம் நியூயார்க்கில் வந்த அவருடைய புத்தகத்தைச் சொந்த நாடு தடை செய்தது. 1990 பிப்ரவரியில் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்த சில நாட்களில், நியூயார்க்கில் இறந்துபோனார். வயது 49. தொலைந்தே போயின என்று எல்லோரும் நினைத்திருந்த அவருடைய நெகட்டிவ்கள், ஏறக்குறைய 60,000, 2017-ல் ஸ்வீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து குடும்பத்தார் கைக்கு வந்தன.

ஜோகன்னஸ்பர்க் போனால் எப்படியும் சிங்கம் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவீர்கள். கோலுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.