மாமாவின் துப்பாக்கி

சென்ற மார்கழியில் நான் விடுமுறை பெற்று ஊருக்குச் சென்றதை நம் சங்கத்து அன்பர் பலர் அறிவர். ஒரு துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கவே அவ்வளவு தூரம் போனேன் என்றால் நகைக்கத் தோன்றும். விஷயத்தை முழுதும் கேட்டபின் நகைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் தாய்மாமன் சேலம் ஜில்லாவில் மலையடிவாரத்து விவசாயி. மரவள்ளிக் காட்டில் இரவு பன்றிக்கூட்டம் புகுந்தால், விடியும்போது கிழங்கு மிஞ்சாது. ஆகவே அவர் முறையாக உரிமம் பெற்று, ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். தோட்டா இடும் வகையன்று. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை. முழுதும் கைவேலை. குழலின் மேல் அரம் ஓடிய கோடுகளை விரலால் தடவிப் பார்க்கலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்கை அனுமதியின்றிச் சுடலாகாது. ஆதலால் குண்டு போடாமல், வெறும் மருந்தை வெடித்துச் சத்தத்தால் விரட்டுவதே அவர் வழக்கம்.

இவ்வகைத் துப்பாக்கியின் வரலாறு சுவையானது. சக்கிமுக்கிப் பொறியைக் கண்டதும் பறவைகள் பறந்துவிடுவதைக் கண்டு சலித்த அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அம்மருந்து சிறு செப்புத் தொப்பிக்குள் அடைபட்டது. விசையை இழுத்ததும் ‘குதிரை’ என்னும் சுத்தி தொப்பியை அடிக்கும். பொறி உள்ளே பாயும். 1857-இல் நமக்கு அருகிலுள்ள பாரக்பூரில் சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்த என்ஃபீல்டு துப்பாக்கியும் இந்த இனமே. 1830-களில் அமெரிக்கத் தொழிலாளர் சிலர் குதிரையைக் குழலுக்கு அடியிலேயே அமைத்தனர். அதனால் குறி மறையாது. பொறியும் கண்ணை விட்டு விலகியிருக்கும். மாமாவுடையதில் குதிரை வலப்புறத்தில் இருந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. “நான் ஒருமுறை வெடிக்கிறேன், மாமா” என்று கெஞ்சினேன். மருந்தை அளந்து ஊற்றி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் கெட்டித்து, தொப்பியையும் பொருத்திக் கொடுத்தார். மலையை நோக்கி விசையை இழுத்தேன். ‘டக்’ என்றது, வெடிக்கவில்லை. அறியாமையால் குழலைத் திருப்பி அதன் வாயை எட்டிப் பார்க்கப் போனேன். மாமா பாய்ந்து குழலைப் பற்றி வானை நோக்கி உயர்த்தினார். அடுத்த கணமே அது இடிபோல் வெடித்தது. மருந்து ஈரம் கண்டிருந்ததால் நெருப்பு தாமதமாகப் பற்றியதாம். அவர் உள்ளங்கை கன்றிவிட்டது.

“மாப்பிள்ளை, வெடித்த துப்பாக்கிக்குப் பயமில்லை, வெடிக்காத துப்பாக்கிக்குத்தான் பயப்பட வேண்டும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, என் தாயாரிடமும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு மாமா காலமானார். உரிமம் அவர் பெயரில் இருந்தது. “பரண்மேல் கிடக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?” என்றனர் உறவினர். அவர் நினைவாக அதை வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பரணில் கிடக்கும் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று நாளை ஏறிப் பார்க்கும் பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் கையைப் பற்ற மாமா இல்லையே! உரிமையற்ற ஆயுதத்தைக் காலதாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அத்தையை அழைத்துச் சென்று ஒப்படைத்து, ரசீது பெற்று அவரிடம் கொடுத்தேன். அத்தை அதை மாமாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

கிடர்பூருக்குத் திரும்பி மறுநாள் அலுவலகம் சென்றேன். என் பதிவேட்டில் பனிமூட்ட வெடிகளின் கணக்கும் உண்டு. தண்டவாளத்தில் வைத்தால், எஞ்சின் சக்கரம் நசுக்கியதும் வெடித்து, முன்னே சிக்னல் இருப்பதை ஓட்டுநருக்கு அறிவிக்கும். ஒவ்வொன்றிலும் செய்த ஆண்டு பொறித்திருக்கும்; பழையது எது, புதியது எது என்று கணக்கு வைப்பது என் வேலை. அதுவும் அடித்தால் வெடிக்கும் மருந்துதான். முன்பெல்லாம் அந்தப் பத்தியை அலுப்போடு நிரப்புவேன். அன்று ஒவ்வோர் எண்ணையும் இருமுறை சரிபார்த்தேன்.