ஐந்தாம் நாளின் ஆசீர்வாதம்



சென்ற மாதம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு தொண்டிக்கு அருகேயுள்ள காரங்காட்டுக்குச் சென்றிருந்தேன். வனத்துறையின் சிறு படகு எங்களை அலையாத்திக் காட்டின் ஊடே கடலை நோக்கிக் கொண்டுபோயிற்று. இருமருங்கிலும் கண்டல் மரங்கள். சேற்றுக்கு மேலே விரல்களைப் போல நீட்டி நிற்கும் சுவாச வேர்கள். உப்புநீரில் வேரூன்றி, உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே கசியவிட்டு வாழும் மரங்கள் அவை. கொக்குகளையும் நீர்க்காகங்களையும் பிள்ளைகள் உற்சாகமாய் எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

கடல் விரிந்தபோது ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, ஆவுளியாவைப் பார்க்கலாமா?"

படகோட்டியவர் சிரித்தார். "நானே எப்போதாவதுதான் பார்க்கிறேன், பாப்பா."

நான் மௌனமானேன். ஊழியத்தின் தொடக்க நாட்களில், ஒரு கடற்கரைக் கிராமத்தில் எனக்கு விருந்து படைத்தார்கள். அது ஆவுளியாவின் இறைச்சி என்று சொல்லித்தான் பரிமாறினார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்திருந்ததை அறிந்திருந்தும், ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டேன். அந்த வீட்டாரை நான் குறைகூறேன். அறிந்து உண்டவன் நானே.

கடற்புல்லை மேய்ந்து வாழும் அந்தச் சாது உயிர், ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரேயொரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். மூச்சுவிட அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கி மாளும்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உயிர்களுக்குத் தேவன் அருளிய முதல் ஆசீர்வாதம் மனிதனுக்கு அல்ல. ஐந்தாம் நாளில் கடல்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்குமே. பெருகும்படி அவர் ஆசீர்வதித்ததை, குறைந்துபோகும்படி நான் உண்டேன். அதற்கு நன்றியும் சொன்னேன்.

2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாக்களுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்கள் இன்று இருக்கிறார்கள். வலை என்பது அவர்களுக்குப் பிழைப்பு. மனந்திரும்புதலைக் குறித்து நான் செய்த பிரசங்கங்கள் பல. அதன் விலையைச் செலுத்துகிறவர்கள் அவர்கள்.

திரும்பும் வழியில் பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். அந்தச் சிறுமி சற்று யோசித்து, "அப்படியானால் நீங்கள் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள், ஐயா" என்றாள்.

"இல்லை, மகளே. உண்டேன், பார்க்கவில்லை" என்றேன்.

அன்பானவர்களே, நன்றி சொல்லிவிட்டதாலேயே நாம் எடுத்துக்கொண்டது நம்முடையதாகிவிடுமா? இந்த வாரம் உங்கள் பந்தியில் அமரும்போது சிந்தியுங்கள். நாம் காணாமலே இழந்தவற்றை நம் பிள்ளைகள் காணும்படி கர்த்தர் இரங்குவாராக. ஆமென்.