நாலு இரவும் நாலு படமும்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கு என்ன யோக்யதை என்று நேயர்கள் கேட்கலாம். டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த யோக்யதை உண்டு என்பது நமது நாட்டில் வெகு காலமாக ஒப்புக்கொள்ளப்பட்டு வந்திருக்கும் கொள்கை. நாமோ இந்தத் தடவை டிக்கெட்டுக்கூட வாங்கவில்லை. வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டியில் நாலு இரவுகளில் நாலு பழைய படங்களைப் பார்த்தோம். ஆகையால் நமது அபிப்பிராயத்துக்கும் அந்த அளவுக்குத்தான் மதிப்பு என்பதை முன்கூட்டியே தெரிவித்துக் கொள்கிறோம்.

கோடை விடுமுறைக்குப் பேரக் குழந்தைகள் வந்திருந்தார்கள். நமது தகப்பனாரின் தங்கையான அத்தையும் நம்முடன்தான் இருக்கிறாள். அவளுக்கு வயது தொண்ணூறு. கண் நன்றாகத் தெரிகிறது. காது, தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறது. குழந்தைகள் பார்க்கும் படங்களில் வெடிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் தன் காதில் விழவில்லை என்று அத்தை புகார் செய்தாள். பழைய படங்களில் பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்று குழந்தைகள் எதிர்ப் புகார் செய்தார்கள். கடைசியில் நாம் மத்தியஸ்தம் செய்து, நாலு இரவுகள் அத்தைக்கு, மற்ற இரவுகளெல்லாம் குழந்தைகளுக்கு என்று தீர்ப்பளித்தோம்.

முதல் இரவு "சந்திரலேகா". 1948-ம் வருஷத்தில் ஜெமினி ஸ்டூடியோவில் ஸ்ரீ எஸ். எஸ். வாசன் தயாரித்த படம். அந்தக் காலத்தில் முப்பது லட்சம் ரூபாய் வரையில் இதற்குச் செலவாயிற்று என்பார்கள். டைரக்ஷனை டி. ஜி. ராகவாச்சாரி ஆரம்பித்தார், முடித்தவர் வாசன். இந்த விவரங்களையெல்லாம் நாம் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்தபோது, "தாத்தா, படத்தைப் பார்க்க விடுங்கள்!" என்று பேத்தி சொல்லிவிட்டாள்.

இரண்டு ராஜகுமாரர்கள், ஒரு ராஜ்யம், ஒரு பெண். கதை அவ்வளவுதான். எம். கே. ராதா நல்லவர், ரஞ்சன் பொல்லாதவர். ஆனால் பார்க்கிறவர்களின் கண் என்னவோ பொல்லாதவர் மேலேயே இருக்கிறது. ரஞ்சன் கத்தியைச் சுழற்றும் அழகு அப்படி. டி. ஆர். ராஜகுமாரி சர்க்கஸ் கூட்டத்துடன் திரியும் பாகம் சற்று நீண்டுவிட்டது என்பது நமது கட்சி. யானையும் சிங்கமும் வரும் பாகத்தை எப்படிக் குறைக்கலாம் என்பது குழந்தைகளின் கட்சி. கடைசியில் முரசு நடனம் வந்தது. மாபெரும் முரசுகள், அவற்றின் மீது வரிசை வரிசையாக நடனமாடும் பெண்கள், ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளேயிருந்து வீரர்கள் பாய்ந்து வெளிவருகிறார்கள். அதுவரையில் கையில் வேறொரு சிறிய பெட்டியை வைத்துத் தட்டிக் கொண்டிருந்த பேரன் அதைக் கீழே வைத்துவிட்டான். இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் இந்தக் காலத்தில் எந்தப் படத்துக்கும் கிடையாது.

அத்தை இந்தப் படத்தை டூரிங் கொட்டகையில், மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தவள். கொட்டகையில் ஒரே ஒரு இயந்திரம். சுருள் தீர்ந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். ஆகவே படத்துக்கு ஒரு இடைவேளை அல்ல, பல இடைவேளைகள். "முரசு ஆட்டத்துக்கு நடுவிலே விளக்கைப் போட்டுவிட்டான். ஜனங்கள் அவனை அடிக்கப் போய்விட்டார்கள்!" என்று சொல்லி அத்தை சிரித்தாள்.

இரண்டாவது இரவு "ஹரிதாஸ்". 1944-ம் வருஷத்துத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியாகி, மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். எம். கே. தியாகராஜ பாகவதரின் சாரீரத்தைப் பற்றி நாம் புதிதாக என்ன சொல்லப் போகிறோம்? தேன், கற்கண்டு முதலிய பதார்த்தங்கள் எல்லாவற்றையும் பழைய ரஸிகர்கள் ஏற்கெனவே உபயோகித்துத் தீர்த்துவிட்டார்கள். தாய் தந்தையரை வீட்டை விட்டுத் துரத்திய ஹரிதாஸ், பிற்பாடு கால்களை இழந்து, ஞானம் பெற்று, பெற்றோருக்குப் பணிவிடை செய்வதே பெரும் பக்தி என்று உணர்கிறான். கால் போன மனிதன் இவ்வளவு நிதானமாகப் பாட முடியுமா என்று பேரன் கேட்டான். பாகவதரால் முடியும் என்று நாம் பதில் சொன்னோம்.

ஹரிதாஸின் மனைவியாக வருகிற என். சி. வசந்தகோகிலத்தை இந்தத் தடவைதான் சரியாகக் கவனித்தோம். சங்கீத உலகத்தில் உயர்ந்த ஸ்தானத்தில் இருந்தவர். 1951-ல் இளம் வயதிலேயே காலமானார். இந்தப் படத்தில் அவர் பொறுமையாக இருக்கிறார், அழுகிறார், மறுபடியும் பொறுமையாக இருக்கிறார். அந்தக் காலத்துக் கதாநாயகிகளுக்கு அதுவே உத்தியோகம். படம் வெளியான சில வாரங்களில், லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-ல் விடுதலையாகும் வரையில் இருவருக்கும் சிறைவாசம். பாகவதர் சிறையில் இருக்க, அவருடைய குரல் பிராட்வேயில் இரவு தவறாமல் ஒலித்துக் கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது குழந்தைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்றாவது இரவு "நாம் இருவர்". 1947-ம் வருஷப் பொங்கலை ஒட்டி வெளியாயிற்று. ஸ்ரீ ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியில் கொட்டகை போட்டு எடுத்த படம். கள்ள மார்க்கெட் வியாபாரமும் குடும்பச் சண்டையும் கலந்த நாடகக் கதை. அது இன்றைக்கு ரொம்பவும் ஆறிப்போன பலகாரந்தான். கிழவராக நடித்தவர் பிரமாதமாகச் செய்திருக்கிறார் என்று பாராட்டினோம். அவர்தான் வி. கே. ராமசாமி என்றும், அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுக்கு மேல் இராது என்றும் பிறகு தெரிந்தது. நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்!

ஆனால் படத்தின் ஜீவன் பாரதியாரின் பாட்டுகளில் இருக்கிறது. டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடுகிறாள். சுதந்திரம் வந்துவிட்டதாகவே எண்ணி ஆனந்தக் கூத்தாடும் பாட்டைக் கவி எழுதிய காலத்தில், அது வரும் என்று நம்பியவர்கள் சிலர். அவர் 1921-ல் மறைந்தார். படம் வெளியான ஜனவரி மாதத்திலும் சுதந்திரம் வந்திருக்கவில்லை. இன்னும் ஏழு மாதம் பாக்கி. வெள்ளைக்காரன் இன்னும் கோட்டையில் இருக்கும்போது, கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளைப் படத்தில் உபயோகிக்கும் உரிமை அன்று மெய்யப்பனிடம் இருந்தது. 1949-ல் பாரதியின் நூல்களைச் சென்னை அரசாங்கம் பொதுச் சொத்தாக்கிற்று. பேத்திக்கு அந்தப் பாட்டு பள்ளிக்கூடத்தில் பாடமாம். அவளும் சேர்ந்து பாடினாள். அத்தை தாளம் போட்டாள். நமது கண்கள் கொஞ்சம் பனித்தன என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நாலாவது இரவு "தியாகபூமி".

இந்தப் படம் நமக்குப் பார்க்கக் கிடைத்ததே அதிசயம். 1931-ல் வெளியான முதல் தமிழ் டாக்கியான "காளிதாஸ்" இன்று ஒரு பிரதிகூட இல்லை. தென்னாட்டில் எடுத்த ஊமைப் படங்களில், "மார்த்தாண்ட வர்மா" ஒன்றைத் தவிர மற்றவை போனது போனதுதான். "தியாகபூமி"க்கு மேலும் ஒரு ஆபத்து இருந்தது. கே. சுப்ரமணியம் டைரக்ட் செய்த அந்தப் படம் 1939-ம் வருஷம் மே மாதத்தில், ராஜாஜியின் மந்திரி சபை நடந்தபோது வெளியாயிற்று. அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். 1940-ல் சர்க்கார் படத்தைத் தடை செய்தது. தேச பக்தியைத் தூண்டுகிறது என்பதே குற்றம். இவ்வளவையும் தாண்டிப் பிழைத்த பிரதியைப் புனா தேசியத் திரைப்படக் காப்பகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. படம் முழுதும் மழை பெய்வது போல் கோடுகள். சத்தம் சில இடங்களில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அதனால் என்ன?

சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன் நடிக்கிறார். நடிக்கிறார் என்று சொல்வதே தப்பு; இருக்கிறார். புயல் மழையில் வீடிழந்த ஹரிஜனங்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊர் அவரை விலக்கி வைக்கிறது. அவருடைய மகள் சாவித்திரியைக் கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் நாகரிகப் புருஷன் கொடுமைப்படுத்தி, கர்ப்பிணி என்றும் பாராமல் துரத்திவிடுகிறான். பல வருஷங்களுக்குப் பிறகு அவள் உமாராணி என்ற பெயருடன் செல்வச் சீமாட்டியாகத் திரும்பி வரும்போது, அதே புருஷன் தன்னுடன் வந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டில் வழக்குப் போடுகிறான். கூண்டில் நின்று எஸ். டி. சுப்புலக்ஷ்மி மறுக்கிறாள். அவனோடு வாழ முடியாது. வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்.

1939-ல் இது எப்படி ஒலித்திருக்கும்! ஹிந்து ஸ்திரீக்கு அப்போது விவாகரத்து என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. கொடுமை செய்யும் புருஷனைப் பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையைச் சட்டம் 1946-ல் தெளிவாக்கிற்று. சென்னை மாகாணத்தில் 1949-லும், தேசம் முழுவதும் 1955-லும் விவாகரத்துச் சட்டம் வந்தது. அந்த 1955-ம் வருஷத்துச் சட்டத்தில், ஜீவனாம்சம் மனைவி புருஷனிடம் கேட்கலாம், புருஷனும் மனைவியிடம் கேட்கலாம் என்று இருக்கிறது. கொட்டகையில் கை தட்டிய வசனம் பதினாறு வருஷத்தில் சட்டப் புத்தகத்துக்கு வந்துவிட்டது.

இதை நாம் உற்சாகமாகப் பிரசங்கம் செய்து கொண்டிருந்தபோது அத்தை எழுந்து அலமாரியண்டை போனாள். கெட்டி அட்டை போட்டுத் தைத்த ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து நமது மடியில் வைத்தாள். கல்கி எழுதிய "தியாகபூமி" ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தபோது, சித்திரங்களுக்குப் பதிலாகச் சினிமாப் படங்களையே போட்டு வந்தார்கள். நமது பாட்டனார் வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். இந்தப் புத்தகம் வீட்டில் இருப்பது நமக்குத் தெரியும். அதன் கதை தெரியாது.

"அப்பா இதை உரக்கப் படிப்பார். சாவித்திரியைத் துரத்துகிற இடத்திலே தொண்டை அடைத்துக்கொள்ளும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படிப்பார் என்று அம்மா சொல்வாள்" என்றாள் அத்தை. பிறகு சொன்னாள்: "மறு வருஷம் அக்காவுக்குக் கலியாணம். அவளுக்குப் பதினைந்து வயது. இரண்டு தடவை அழுதுகொண்டு திரும்பி வந்தாள். முதுகிலே தழும்பு இருந்தது, நானே பார்த்தேன். இரண்டு தடவையும் அப்பாவே ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டு வந்தார். மூன்றாம் தடவை அவள் வரவில்லை. தந்திதான் வந்தது."

கூடத்தில் யாரும் பேசவில்லை. பேத்திதான் கேட்டாள்: "கதைக்கு அழுதாரே பாட்டி, அப்புறம் ஏன் அப்படிச் செய்தார்?"

"சாவித்திரி யார் பெண்ணோ, அம்மா. அவளுக்காக அழுதால் ஊர் ஒன்றும் சொல்லாது" என்றாள் அத்தை.

நமது பாட்டனார் பொல்லாதவர் அல்ல. கதர் உடுத்தியவர், சாகும் வரையில் ராட்டினம் சுற்றியவர். கதை படித்து மனம் இளகியவர்தான். ஆனால் படிக்கும்போது இளகிய மனம், சொந்த வாசற்படியில் சொந்தப் பெண் மூட்டையுடன் வந்து நின்றபோது இறுகிவிட்டது.

அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்று அன்றிரவு யோசித்தபோது தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு. சென்ற தை மாதத்தில் நமது பழைய சிநேகிதர் ஒருவர் யோசனை கேட்டு வந்தார். அவருடைய பெண் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாளாம். திரும்பிப் போக மாட்டேன் என்கிறாளாம். என்ன நடந்தது என்று நாம் கேட்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்கள்; காலம் எல்லாவற்றையும் சரிப்படுத்தும்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். அதைச் சொல்லும்போது நமக்கு மிகுந்த விவேகியைப் போலத் தோன்றிற்று என்பதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

பொழுது விடிந்ததும் சிநேகிதரை டெலிபோனில் கூப்பிட்டோம். அன்று சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக் கொள்கிறோம் என்றும், பெண்ணிடம் என்ன நடந்தது என்று அவர் நிதானமாகக் கேட்க வேண்டும் என்றும், அவள் இஷ்டப்பட்ட வரையில் அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு அவர், "போன வாரம் கொண்டுபோய் விட்டு வந்தேன்" என்றார். மறுபடியும் கொஞ்சம் மௌனம். "இன்றைக்கே போய் அழைத்து வருகிறேன்" என்றார்.

அன்று மாலை ரயிலில் அவர் புறப்பட்டார். மறுநாள் காலையில் பெண்ணுடன் வந்து சேர்ந்ததாகச் செய்தி வந்த பிறகுதான் நமக்குச் சாப்பாடு இறங்கிற்று.

அத்தையிடம் இதைச் சொன்னோம். அவள் ஒன்றும் பாராட்டவில்லை. தைத்த புத்தகத்தை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்து, "இதை நீ வைத்துக்கொள்" என்றாள். பிறகு நம்மைப் பார்த்து, நாலு இரவு என்ற தீர்ப்பை மாற்றி ஐந்து என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். குழந்தைகளும் ஆட்சேபிக்கவில்லை.

ஐந்தாவது இரவு "சபாபதி" போட்டோம். எஜமானுக்கும் அதே பெயர், வேலைக்காரனுக்கும் அதே பெயர். டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் வந்து நின்ற நிமிஷத்திலிருந்து அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். படம் எப்படி என்று நேயர்கள் கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. நாம் அன்று படத்தைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.