கணக்குக் கேட்ட தம்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பனிக்கால ஞாயிற்றுக்கிழமை. லாசாலில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் நிலக்கீழறையில் எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம். இருபது பேர் வரை இருந்தோம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கெனச் சேர்த்த காசின் வரவுசெலவைத் தலைவர் வாயாலேயே சொல்லி முடித்தார். பின்னாலிருந்த தம்பி ஒருவன் எழும்பி, "அண்ணை, பற்றுச்சீட்டுகளையும் ஒருக்காப் பாக்கலாமோ?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். தலைவர் கோபப்படவில்லை. சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பி, "தம்பி ஆரின்ரை ஆள்?" என்றார். நாங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த கிழமைக்குள் அவனுடைய பெயரோடு ஓர் இயக்கத்தின் பெயரும், பிறகு 'துரோகி' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டன. ஒட்டியவர்கள் நாங்களல்லர். ஆனால் எங்களில் ஒருவரும் அதை உரித்தெடுக்கவில்லை. அவன் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

இத்தனைக்கும் நாங்கள் வாசிக்கிற ஆட்கள். புளொட்டிலிருந்து வெளியேறிய கோவிந்தன், முகாம்களுக்குள் கேள்வி கேட்டவர்களுக்கு நேர்ந்ததை வைத்து எழுதி 1985 இல் வெளிவந்த 'புதியதோர் உலகம்' எங்களிடையே கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோயிருந்தது. 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி விடியும்வரை கதைத்திருக்கிறோம். அவர் இணைந்து எழுதிய 'முறிந்த பனை' துவக்கு வைத்திருந்த எல்லாத் தரப்பினரிடமும் கணக்குக் கேட்டது. வாய்மூடியிருந்த யாழ்ப்பாணத்தவர்களை நாங்கள் திட்டித் தீர்த்தோம். அங்கே துவக்கு இருந்தது. லாசாலில் எங்கள் வாயை மூடியது எது?

யோசித்துப் பார்த்தால், பயத்தைவிட நன்றிக்கடன்தான் பெரிதாய் இருந்தது. எங்களில் ஒருவரின் அகதி விசாரணைக்கான கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவர் தலைவர். இன்னொருவரை முதல் வேலைக்குத் தன் காரில் ஏற்றிச் சென்றவர். செய்த உதவியை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் காசை எடுத்தாரா? எடுக்காமலே இருந்திருக்கலாம். பற்றுச்சீட்டுகளை மேசையில் வைத்திருந்தால் அவருடைய பெயரும் பிழைத்திருக்கும்.

2004 ஜூனில் கியூபெக்கின் தொழிற்சட்டத்தில் உளரீதியான துன்புறுத்தலுக்கு எதிரான பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. வேலைத்தலத்தில் அப்படித் துன்புறுத்தப்பட்டவர் முறையிட இப்போது 2 வருட அவகாசம் உண்டு. தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு எதிராக முறைப்பாடு எழுதிய துணிச்சல் எங்களில் சிலருக்கு இருந்தது. அந்த மேற்பார்வையாளருக்கு நாங்கள் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. சங்கத்தில் அப்படியில்லை. அங்கே பக்கத்துக் கதிரையில் இருப்பவர் எழும்பி, "அவன் கேட்டது சரிதானே" என்று சொன்னால்தான் உண்டு.

போன பனிக்காலம் அங்ரினியோன் மெற்றோவுக்கு வெளியே, பஸ் தரிப்பில் எங்களில் இருவர் அந்தத் தம்பியைக் கண்டோம். தலை நரைத்துவிட்டது. எங்கள் சுகத்தை விசாரித்தான், பிள்ளைகளை விசாரித்தான். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது.

ஆகவே இங்கே எழுதி வைக்கிறோம். தம்பி, நீ கேட்டது சரிதான்.