கண்ணளவும் வாழ்வளவும்

துணியை முழக்கோலால் அளக்கலாம். நெல்லை மரக்காலால் அளக்கலாம். ஒருவர் வாழும் வாழ்வை எதனால் அளப்பது? கண்ணின் ஆற்றலை அளந்தால் போதும்; வாழ்வின் நலம் தானே விளங்கும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது.

1862ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் எழுத்தட்டை ஒன்றை அமைத்தார். அதன் மேல் வரியில் பெரிய எழுத்து இருக்கும். கீழே செல்லச் செல்ல எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். 20 அடித் தொலைவிலிருந்து எந்த வரி வரை படிக்க முடிகின்றது என்பதே பார்வையின் அளவு. எளிய கருவி, இன்றும் பயன்படுவது. ஆயினும், மரபுவழி வரும் சில விழித்திரை நோய்களின் முன் அது தோற்றுவிடுகின்றது.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா அத்தகைய நோய். ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு அது வருகின்றது. மங்கிய ஒளியில் காண உதவும் கோலணுக்களும், பகலொளியில் நிறத்தையும் நுட்பத்தையும் காண உதவும் கூம்பணுக்களும் விழித்திரையில் உள்ளன. இந்நோயில் பெரும்பாலும் கோலணுக்களே முதலில் நலிகின்றன. முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர்ப் பக்கப் பார்வை குறையும். நாளடைவில் மூங்கிற் குழலின் வழியே உலகைக் காண்பது போலாகும்.

இந்நோயுற்ற இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். எழுத்தட்டையின் கடைசி வரியையும் அவன் தடையின்றிப் படிக்கின்றான். ஆனால், அந்தி சாய்ந்ததும் வாயிற்படியில் தடுக்கி விழுகின்றான். பக்கத்தில் வந்த நண்பர் நீட்டிய கை அவனுக்குத் தெரிவதில்லை. செருக்குடையவன் என்று அவர் எண்ணிக்கொள்கின்றார். மெல்ல மெல்ல மாலை வேளைகளில் வெளியே செல்வதையே அவன் விட்டுவிடுகின்றான். அதே நோயுற்ற தமையனைக் காணுந்தோறும், தன் நாளை எவ்வாறு இருக்கும் என்ற அச்சம் நெஞ்சை அரிக்கின்றது. இவற்றுள் எதனை எழுத்தட்டை அறியும்?

ஆதலால் அறிஞர்கள் வேறு வழி கண்டனர். கண்ணை அளப்பதோடு நில்லாமல், கண்ணுக்கு உரியவரையே கேட்டனர். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் 25 வினாக்கள் கொண்ட வினாநிரல் 2001இல் வெளிவந்தது. மரபுவழி விழித்திரை நோய்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 59 வினாக்கள் கொண்ட நிரலை 2021இல் வெளியிட்டனர். இருளில் நடத்தல், நிறம் அறிதல், கூசும் ஒளியைத் தாங்குதல் எனப் பலவற்றை அது வினவுகின்றது. பார்வைக் குறையால் எழும் கவலையை அளக்கத் தனி நிரல் ஒன்றும் அவர்களால் அமைக்கப்பட்டது.

சிகிச்சையின் பயனையும் இவ்வாறே ஆராய்ந்தனர். ஆர்.பி.இ.65 என்னும் மரபணுக் குறைக்கான மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் ஆய்வில், அம்புக்குறிகளும் தடைகளும் நிறைந்த பாதையில் வெவ்வேறு அளவு ஒளியில் நோயாளிகளை நடக்கச் செய்தனர். முன்பு நடக்க இயலாத மங்கிய ஒளியில் ஒருவர் நடந்தாரெனின், அதுவே மருந்தின் வெற்றிக்குச் சான்றாயிற்று.

இங்கு ஓர் உண்மை புலப்படும். ஒத்த பார்வையுடைய இருவர் ஒரே வினாவுக்கு வேறு வேறு விடை தரலாம். ஒருவருக்குக் கைக்கோல் பயிற்சி உண்டு. இருண்ட படிக்கட்டில் முழங்கையை நீட்டும் தோழர் உண்டு. மற்றவரோ குறையை மறைத்துத் தனியே அஞ்சி வாழ்கின்றார். விழித்திரை ஒன்றே, வாழ்வு ஒன்றன்று. எனவே, அவர்தம் வாழ்வின் அளவில் ஒரு பங்கு சுற்றியுள்ளோர் கையில் இருக்கின்றது.

இழந்த அணுக்களை மீட்பது மருத்துவர் கடமை. 'உனக்கு எது கடினமாக உள்ளது?' என்று கேட்டு, விடையைப் பொறுமையுடன் செவிமடுப்பது எவர்க்கும் இயலும். அக்கேள்வியிலிருந்தே நல்ல அளவுகோல் பிறக்கின்றது. நல்ல நட்பும் பிறக்கின்றது.