பனி விலக்கும் பணி

பனியின் அழகை வியப்போர் பெரும்பாலும் சாளரத்துக்கு உள்ளே நிற்பவர்கள். வெளியே நின்று அதனை அள்ளுவோருக்கோ அஃது அழகன்று, சுமை. மாரி மழையையும் வெள்ளத்தையும் கண்டு வளர்ந்த நமக்கு, வானிலிருந்து விழுவது எதுவாயினும் தானே வடிந்து போய்விடும் என்பதே இளமையில் ஊறிய எண்ணம். கனடா நாட்டில் வந்து குடியேறிய பின்னரே, விழுந்த இடத்தில் வாரக்கணக்காகக் கிடக்கும் மழையும் ஒன்றுண்டு என்பதை அறிந்தோம்.

நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் நாட்டுப்புறத்தில், பல வீடுகள் தெருவிலிருந்து தொலைவில் உள்ளே அமைந்தவை. தெருவிற் கிடக்கும் பனியை அகற்றுவது அரசினரின் கடன். தெருவிலிருந்து வீட்டு வாயில் வரையுள்ள பாதையோ வீட்டுக்காரரின் கடன். 40 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட பாதையொன்றில் ஓரிரவில் 25 சென்ரிமீற்றர் பனி விழுந்ததெனக் கொள்வோம். மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். 40 கனமீற்றர் வரும். புதுப்பனி கனமீற்றருக்குச் சுமார் 100 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்த நிறை நான்கு தொன். ஈரப்பனியாயின் அதன் இருமடங்கும் உண்டு, மும்மடங்கும் உண்டு. இத்தனையையும் விடியுமுன் சவளினால் அள்ளி எறிவது எளிய காரியமா?

எளியதன்று என்பதோடு ஆபத்தானதுமாகும். கடுங்குளிரிற் குருதிக் குழாய்கள் ஒடுங்குகின்றன. குனிந்து பாரந் தூக்குவதனால் இதயத்தின் வேலையோ பெருகுகின்றது. கியூபெக் மாகாணத்து மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு மிகுவதை எடுத்துக் காட்டிற்று.

இங்கேதான் எமது சிறு வாகனம் துணைக்கு வருகின்றது. இருவர் அருகருகே அமர்ந்து செல்வதால் இதனைச் ‘சைட் பை சைட்’ என்பர். மோட்டார் வண்டியிலுள்ளது போன்ற சுக்கானும் மிதிகளும், தலைக்கு மேலே இரும்புச் சட்டமும், பின்னே சாமான் தட்டும் இதற்குண்டு. நான்கு சில்லுகளும் இயந்திர விசையால் உருளும். முன்புறத்தில் ஏறக்குறைய ஆறடி அகலமான இரும்புத் தகட்டைப் பூட்டிவிட்டால், அதுவே பனிக்கலப்பை. ஆங்கிலத்திற் கலப்பை என்றே பெயர் வழங்கினும், அஃது உழுவதில்லை. நம் வயல்களிற் சேற்றை மட்டஞ் செய்யும் பரம்புப் பலகைக்கே அது நெருங்கிய உறவு.

இவ்வேலையின் நுட்பங்கள் சில உண்டு. நிலம் இறுகுமுன்னரே பாதையின் இருமருங்கும் கோல்களை நட்டு வைத்தல் வேண்டும். இல்லையேல் வெண்மைக்குள் பாதை எது, பள்ளம் எது என்று புலப்படாது. சாமான் தட்டிற் பாரம் ஏற்றினால் சில்லுகள் வழுக்குவது குறையும். தாழ்ந்த கியரில், மெல்லவே செல்லுதல் நன்று. தகட்டைச் சாய்வாக வைத்தாற் பனி ஓரத்துக்கு ஒதுங்கும். மறைந்த கல்லொன்றில் மோதினால், தகட்டின் பின்னுள்ள விற்சுருள்கள் இடங்கொடுக்க, அது முன்னோக்கி மடிந்து தப்பிவிடும். யாவற்றினும் முக்கியமானது, முதற் பனியையே பாதையின் எல்லைக்கு அப்பால் வெகுதூரம் தள்ளிவிடுவது. ஓரத்தில் ஒதுக்கிய பனி உறைந்து மதிலாகிவிட்டால், பிந்தி வரும் பனிக்கு இடமேது? தள்ளிய பனியைப் பொதுத் தெருவில் இடுவதும் ஒன்ராறியோச் சட்டப்படி குற்றம். தன் வாயிலைத் துப்புரவாக்கிப் பிறர் வழியை அடைப்பது எந்த நாட்டிலும் அறமன்று அல்லவா?

எமது காணியை அடுத்து முதிய தம்பதியர் வாழ்கின்றனர். கணவர் எண்பது கடந்தவர். மனைவியார் சிறுநீரகம் பழுதுற்று, வாரத்துக்கு மூன்று முறை குருதிச் சுத்திகரிப்புக்காக மருத்துவமனை செல்பவர். அந்த நாட்களில் அவர்தம் பாதை அடைபடுதல் வெறும் இடைஞ்சலன்று, உயிர்ப்பிரச்சினை. ஆயினும் அப்பெரியவர் தம் கையாற் சவள் பிடித்து வந்தவர். பிறர் உதவியை இலகுவில் ஏற்காத மானி. வேலைக்குக் கூலி தருவேன் என்றார். கூலி வேண்டாம் என்றோம். அப்படியாயின் உதவியும் வேண்டாம் என்றார்!

முடிவில் ஓர் உடன்பாடு கண்டோம். அவர் காணியில் மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. குளிர்காலம் கழியும் வேளையில் அம்மரங்களின் சாற்றைச் சேகரித்து, நம்மவர் கருப்பநீரைக் காய்ச்சிப் பாணி எடுப்பது போலவே, அவரும் பாணி காய்ச்சுவார். சுமார் 40 லீற்றர் சாறு வற்றினால் ஒரு லீற்றர் பாணி கிட்டும். அப்பாணியிற் சில போத்தல்கள் எமக்கு. பனிக்காலம் முழுவதும் அவர் பாதை எம் பொறுப்பு. அன்றுமுதல் மருத்துவமனை நாட்களில், விடியற்காலையில் இரு காணிகளுக்குமிடையே உள்ள படலையைத் திறந்து, அவர் பாதையை முதலில் விலக்கிவிட்டே எமது பாதைக்குத் திரும்புகின்றோம்.

கூலிக்கும் தருமத்துக்கும் இடையிலே மூன்றாவதாக ஒன்று உண்டென்பதை அப்பெரியவரிடம் கண்டோம். நம் ஊர்களில் அறுவடைக் காலத்தில் ஒருவர் வயலுக்கு மற்றவர் சென்று கைம்மாறாக உழைத்த வழக்கமும் அதுவேயாம். அதில் கொடுப்பவர் உயர்வதுமில்லை, பெறுபவர் தாழ்வதுமில்லை.

1999ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோ நகரில் இரு வாரங்களுள் ஒரு மீற்றருக்கு மேலாகப் பனி கொட்டியபோது, நகர மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். மாநகரம் அழைத்தாற் படை வரும். நாட்டுப்புறத்துத் தனி வீடு அழைத்தால் முதலில் வரக்கூடியவர் அயலவரே. இன்று விலக்கிய பனி நாளை மீண்டும் விழும் என்பது உண்மைதான். விழட்டும்! அயலவர் கடமையும் ஒருநாளில் முடிந்துவிடும் கடமையன்றே.